எஞ்சின் போடும் மதிப்பெண்

ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐயின் ஏழாம் தலைமுறை 2013இல் வந்தது. 1984 சிசி, நான்கு சிலிண்டர், ஒரு டர்போ. 220 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க். ஐந்து பேர் அமர்ந்து போகிற சின்ன ஹேட்ச்பேக் காருக்கு இது தாராளமான பலம். ஆனாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதை வாங்கியவர்களில் பலர் அதோடு நிற்கவில்லை. ஜப்பானின் ஐஎச்ஐ நிறுவனம் செய்த ஐஎஸ்20 டர்போவைக் கழற்றிவிட்டு, அதே எஞ்சின் குடும்பத்தின் 300 குதிரைத்திறன் வடிவத்தோடு வந்த கோல்ஃப் ஆர் காரின் ஐஎஸ்38 டர்போவைப் பொருத்தினார்கள். பெரிய டர்போ சிறியதன் இடத்திலேயே பொருந்திவிடும். கூடவே பெரிய இன்டர்கூலர், தடையில்லாத காற்றுக்குழாய். இவை எல்லாவற்றுக்கும் ஏற்றபடி எஞ்சினின் கணினியில் புதிய டியூன்.

அப்படி மாற்றிய ஒரு காரின் உரிமையாளர், இப்போது ஓடும் டியூனை எடுத்துவிட்டு வேறொரு டியூனரின் மென்பொருளை ஏற்ற நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போல்ட்டும் மாறப்போவதில்லை. பெட்ரோல் அதே பெட்ரோல், டர்போ அதே டர்போ. மாறுவது கணினியின் நினைவகத்தில் இருக்கும் எண்கள் மட்டுமே. ஆனால் கார் வேறு மாதிரி ஓடும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வரும் பிக்கப், கியர் விழும் விதம், எஞ்சினின் சூடு, அதன் ஆயுள் எல்லாமே மாறக்கூடும்.

இந்த மாற்றத்தை எப்படி மதிப்பிடுவது? பெரும்பாலோர் ஒரே ஒரு எண்ணைப் பார்க்கிறார்கள்: எத்தனை குதிரைத்திறன் கூடியது? அதைவிட நேர்மையான அளவுகோல் காருக்குள்ளேயே இருக்கிறது. எஞ்சின் கணினி தன் கணக்கு தவறும்போதெல்லாம் சென்சார்களைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. அந்தத் திருத்தங்களை எண்ணாகவும் வைத்திருக்கிறது. எவ்வளவு குறைவாகத் திருத்த வேண்டியிருக்கிறதோ, அந்த அளவுக்கு டியூன் அந்த எஞ்சினுக்கு உண்மையாக இருக்கிறது என்று பொருள்.

கணினி இல்லாத முதல் ஜிடிஐ

1975இல் ஃபிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியில் அறிமுகமாகி, 1976இல் விற்பனைக்கு வந்த முதல் ஜிடிஐயில் எஞ்சினை ஆளும் கணினி கிடையாது. 1588 சிசி, 110 குதிரைத்திறன். பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் அமைப்பில், உள்ளே போகும் காற்று ஒரு உலோகத் தட்டைத் தூக்கும். தட்டு எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு எரிபொருள் திறந்துவிடப்படும். தீப்பொறி விழும் நேரத்தை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த சுழல் எடைகள் நகர்த்தின. அன்றைய மெக்கானிக்குக் கையால் தொட்டுத் திருப்பக்கூடிய விஷயங்கள் இவை.

1979இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்த பாஷ் மோட்ரானிக், எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே டிஜிட்டல் கணினியின் கையில் கொடுத்தது. அதன் அட்டவணைகள் ஒரு சிப்பில் இருந்தன. அந்தச் சிப்பைப் பிடுங்கிவிட்டு வேறு எண்கள் எழுதிய சிப்பைச் செருகினால் கார் மாறியது. சிப் டியூனிங் என்ற தொழில் இப்படித்தான் பிறந்தது. பின்னர் சிப்பைக் கழற்றாமலேயே, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட் வழியாக எழுதும் வசதி வந்தது.

ஏழாம் தலைமுறை ஜிடிஐயின் கணினி காண்டினென்டல் நிறுவனத்தின் சிமோஸ் 18. அதன் 4 மெகாபைட் நினைவகத்தில் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. ஒன்று, கணக்கைச் செய்யும் நிரல். மற்றொன்று, அந்த நிரல் புரட்டிப் பார்க்கும் அட்டவணைகள். தொழில்காரர்கள் மேப் என்று சொல்வது இவற்றைத்தான். டியூனர் பெரும்பாலும் நிரலைத் தொடுவதில்லை. ஆயிரக்கணக்கான எண்கள் கொண்ட இந்த அட்டவணைகளில் தேவையானவற்றை மாற்றி எழுதுகிறார். ஒவ்வொரு எண்ணும் எஞ்சினைப் பற்றிய ஒரு கூற்று: இந்த வேகத்தில், இந்த அழுத்தத்தில், இவ்வளவு காற்று உள்ளே போகும் என்பது போல.

ஒரு மூச்சின் கணக்கு

ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 496 சிசி, ஏறக்குறைய அரை லிட்டர். சாதாரணக் காற்றழுத்தத்தில், 20 டிகிரி செல்சியஸில், அரை லிட்டர் காற்றின் எடை 0.6 கிராம். டர்போ அதே காற்றை வெற்றிடத்திலிருந்து அளந்தால் 2.2 பார் என்ற அழுத்தத்துக்கு நெருக்கி, இன்டர்கூலர் அதை 40 டிகிரிக்குக் குளிர்வித்தால், அதே இடத்துக்குள் 1.2 கிராம் காற்று அடங்கும். டர்போவின் மொத்தப் பயனும் இந்த இரட்டிப்பில் இருக்கிறது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தச் சரிவிகிதத்தை லாம்டா 1 என்பார்கள். முழு மிதியில் எஞ்சினைக் குளிர்ச்சியாக வைத்திருக்கக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் விடுவது வழக்கம். லாம்டா 0.85 என்று வைத்தால், 1.2 கிராம் காற்றுக்கு ஏறக்குறைய 0.1 கிராம் பெட்ரோல். நிமிடத்துக்கு 6000 சுற்றில் நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து நொடிக்கு 200 முறை எரிகின்றன. ஆக, நொடிக்கு 240 கிராம் காற்றும் 19 கிராம் பெட்ரோலும். ஒவ்வொரு துளியும் 200 பார் வரையிலான அழுத்தத்தில், நேரடியாகச் சிலிண்டருக்குள், நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் பீய்ச்சப்பட வேண்டும்.

சிலிண்டருக்குள் தராசு கிடையாது. கணினி அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து, மீதியை அட்டவணையிலிருந்து எடுத்துக் காற்றின் எடையைக் கணக்கிடுகிறது. வால்வுகள் எப்போது திறக்கின்றன, பழைய புகை எவ்வளவு உள்ளே தங்கிவிடுகிறது, காற்றுக்குழாயில் எவ்வளவு தடை என்பதெல்லாம் அந்த அட்டவணைக்குள் அடங்கும். உண்மையில் 1.2 கிராம் காற்று போயிருக்க, அட்டவணை 1.1 என்று சொன்னால், பெட்ரோல் குறைவாகப் பாயும். வெளியேறும் புகையில் இருக்கும் லாம்டா சென்சார் மிச்ச ஆக்சிஜனைப் பார்த்துவிடும். உடனே கணினி பெட்ரோலைக் கூட்டும். அதே இடத்தில் அதே தவறு திரும்பத் திரும்ப வந்தால், 9 சதவீதம் கூட்டு என்று நீடிக்கும் குறிப்பாக எழுதி வைத்துக்கொள்ளும். இதற்கு ஃபியூல் ட்ரிம் என்று பெயர். புதிய டியூன் ஏற்றியபின் முதலில் பார்க்க வேண்டிய மதிப்பெண் இது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் அட்டவணை காற்றைச் சரியாக அறிந்திருக்கிறது.

எரிபொருள் மாறினாலும் இந்த எண் பேசும். எத்தனாலுக்குச் சரிவிகிதம் 9 தான். அமெரிக்காவில் சில பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் இ85 எத்தனால் கலவைக்கு அது 9.8 அளவில் வரும். அதே காற்றுக்கு ஒன்றரை மடங்கு எடை எரிபொருள் தேவை. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு எழுதிய டியூனில், 20 சதவீத எத்தனால் கலந்த இந்தியாவின் இ20 ஊற்றினால், ட்ரிம் 8 சதவீதத்தை ஒட்டி உயரும் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. எந்தக் கலவைக்கு எழுதப்பட்டது என்று தெரியாமல் ஒரு டியூனை ஏற்றக்கூடாது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

தீப்பொறி எப்போது விழ வேண்டும்

6000 சுற்றில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப எடுக்கும் நேரம் 28 மைக்ரோ நொடி. தீப்பொறியின் நேரத்தை டிகிரியில்தான் அளக்கிறார்கள். கலவை எரிந்து முடிக்க நேரம் ஆகும் என்பதால், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே தீப்பொறி விழ வேண்டும். பாதிக் கலவை எரிந்து முடியும் கணம், பிஸ்டன் உச்சியைக் கடந்து 8 முதல் 10 டிகிரிக்குள் அமைந்தால் எஞ்சினுக்கு அதிகபட்ச டார்க் கிடைக்கும்.

டர்போ எஞ்சினில் முழு மிதியில் இந்த இடத்தை எட்ட முடிவதில்லை; நாக்கிங் குறுக்கே நிற்கிறது. தீயின் முனை இன்னும் வந்து சேராத மூலையில் இருக்கும் கலவை, சுற்றிலும் ஏறும் அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகவே வெடித்துவிடுவதுதான் நாக்கிங். அந்த அதிர்ச்சி அலை 82.5 மில்லிமீட்டர் அகலமுள்ள சிலிண்டருக்குள் இங்கும் அங்கும் மோதி, நொடிக்கு 6000 முதல் 7000 அதிர்வுகள் கொண்ட ஓசையாகிறது. பிஸ்டனின் மேற்பரப்பைக் காக்கும் மெல்லிய வாயுப் படலத்தை அது கலைத்துவிடும். தொடர்ந்து நடந்தால் உலோகம் அரிக்கும், பிஸ்டன் விளிம்பு உடையும்.

எஞ்சின் பிளாக்கில் திருகப்பட்டிருக்கும் நாக் சென்சார் அந்த ஓசையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்டதும் கணினி அந்தச் சிலிண்டரில் மட்டும் தீப்பொறியைச் சில டிகிரி தள்ளிப்போடும். பிறகு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு வரப் பார்க்கும். எந்தச் சிலிண்டரில் எத்தனை டிகிரி தள்ளியது என்பது பதிவாகிறது. இது இரண்டாவது மதிப்பெண்.

பெட்ரோல் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்பதை ஆக்டேன் எண் சொல்கிறது. அமெரிக்காவில் பிரீமியம் பெட்ரோல் பல மாநிலங்களில் 93 ஆக்டேன், கலிஃபோர்னியாவில் பொதுவாக 91. அங்கே ஆர்ஓஎன், எம்ஓஎன் என்ற இரு அளவுகளின் சராசரியைப் பங்கில் எழுதுகிறார்கள். அவர்களின் 93, ஐரோப்பாவின் 98க்கு அருகில் வரும். 93க்கு எழுதிய டியூனை 91 பெட்ரோலில் ஓட்டினால் கார் ஓடத்தான் செய்யும். சென்சார் கேட்டுக் கேட்டுத் தீப்பொறியைத் தள்ளிப்போட்டபடி இருக்கும். தள்ளிப்போன தீ தாமதமாகவே எரிந்து முடியும். டர்போவின் சக்கரத்தைத் தொடும் வாயு ஏற்கெனவே 900 டிகிரியைத் தாண்டக்கூடியது, அது இன்னும் சூடாகும். டியூனருக்குச் சொன்ன பெட்ரோலும் பங்கில் போடும் பெட்ரோலும் ஒன்றாக இருக்க வேண்டும். டியூனரை மாற்றுவோர் சிலருக்குப் பழைய டியூனில் இருந்த குறை, உண்மையில் இந்த வேற்றுமையாகவே இருக்கக்கூடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு, அது நாக் சென்சாருக்குக் கட்டுப்படாதது. நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் மிக அதிக டார்க் கேட்டால், தீப்பொறி விழுமுன்பே கலவை பற்றிக்கொள்வது உண்டு. சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் எண்ணெய்த் துளிகளும் படிவுகளும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. 2018இல் வந்த ஏபிஐ எஸ்என் பிளஸ் என்ற எஞ்சின் ஆயில் தரம் இதைக் குறைப்பதற்காகவே வகுக்கப்பட்டது. தீப்பொறிக்கு முன்பே எரிந்துவிட்டால், தீப்பொறியைத் தள்ளிப்போட்டுப் பயனில்லை. ஆகவே 2000 சுற்றிலேயே எல்லா டார்க்கையும் கொட்டும் டியூனைவிட, அதை மெதுவாக ஏற்றித் தரும் டியூன் அறிவானது. வரைபடத்தில் அது அவ்வளவு கவர்ச்சியாகத் தெரியாது. ஆனால் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையாமல் நேராக இருக்கும்.

மிதி கேட்கிறது, கணினி தருகிறது

பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் ஒரு கம்பி; மிதித்தால் த்ராட்டில் திறக்கும். இந்தத் தலைமுறைக் கார்களில் மிதிப்பது ஒரு வேண்டுகோள். கணினி அதை இவ்வளவு நியூட்டன் மீட்டர் டார்க் வேண்டும் என்று மொழிபெயர்த்துக்கொள்கிறது. கியர்பாக்ஸ் தாங்குமா, சக்கரம் வழுக்குகிறதா, டர்போ அதிகம் சூடாகிறதா என்று வரம்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. மிஞ்சியதைக் காற்றின் எடையாக மாற்றி, த்ராட்டிலுக்கும், டர்போவுக்குப் போகும் புகையின் ஒரு பங்கைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டுக்கும் கட்டளை அனுப்புகிறது. பிறகு எதிர்த்திசையிலும் ஒரு கணக்கு: உள்ளே போன காற்று, பாய்ந்த பெட்ரோல், தீப்பொறி விழுந்த இடம் ஆகியவற்றிலிருந்து உண்மையில் எவ்வளவு டார்க் பிறந்தது என்று கணிக்கிறது. கேட்டதைவிடப் பிறந்தது மிகுந்துவிட்டால், த்ராட்டிலைத் தானே மூடுகிறது. ஜெர்மன் கார் நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த மூன்றடுக்குப் பாதுகாப்புமுறையின் ஒரு பகுதி இது. மிதி கேட்காதபோது கார் பாயக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

ஒரு டியூனர் பூஸ்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, மட்டும் ஏற்றிவிட்டு டார்க் கணக்கை அப்படியே விட்டால், இந்தக் காவல் விழித்துக்கொள்ளும். வண்டி திடீரென இழுப்பை இழந்து, மீண்டும் பெற்று, திணறும். எனவே நல்ல டியூன் ஒன்றோடொன்று கோர்த்த பல அட்டவணைகளையும் சேர்த்து மாற்றுகிறது. பூஸ்ட் இவ்வளவு ஏறினால் டார்க் இவ்வளவு, அதற்குப் பெட்ரோல் இவ்வளவு, சூடு இவ்வளவு என்று எல்லாக் கணக்கும் ஒன்றையொன்று ஒத்துப்போக வேண்டும்.

கோல்ஃப் ஆரின் மென்பொருள் ஏன் பொருந்தாது

பெரிய டர்போ கோல்ஃப் ஆரிலிருந்து வந்ததுதானே, ஆரின் மென்பொருளையே ஏற்றிவிடலாமே என்று தோன்றும். இரண்டு எஞ்சின்களும் இஏ888 என்ற ஒரே குடும்பம், கொள்ளளவும் ஒன்றே. ஆனால் ஜிடிஐயின் அழுத்த விகிதம் 9.6, ஆரின் விகிதம் 9.3. பிஸ்டன்கள் வேறு. விகிதம் கூடினால் எரிவதற்கு முன்பே கலவை அதிகம் சூடாகும். நாக்கிங்கின் எல்லை முன்னால் நகரும். ஆருக்குப் பாதுகாப்பான தீப்பொறி, ஜிடிஐயில் எல்லை மீறக்கூடும். நான்கு சக்கரங்களுக்கும் பலம் போகும் காருக்கு எழுதிய டார்க் வரம்பு, முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் காருக்குச் சரிவராது.

மறுபக்கம், ஜிடிஐயின் சொந்த மென்பொருளும் இனிப் பொருந்தாது. ஐஎஸ்38இன் டர்பைன் பெரியது. எக்ஸாஸ்டில் பின்னழுத்தம் குறைகிறது, சிலிண்டரில் தங்கும் பழைய புகை குறைகிறது, அதே அழுத்தத்தில் புதிய காற்று அதிகம் நுழைகிறது. காற்றின் அட்டவணை தவறிவிடும். வேஸ்ட்கேட்டை எவ்வளவு திறந்தால் எவ்வளவு பூஸ்ட் என்ற உறவும் மாறிவிடும். பழைய எண்களை நம்பினால் பூஸ்ட் இலக்கைத் தாண்டிப் பாய்ந்து, பிறகு தாழ்ந்து, மறுபடி ஏறும். கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் எவ்வளவு நெருக்கமாகப் போகின்றன என்பது மூன்றாவது மதிப்பெண்.

நான்காவது, பெட்ரோல் பம்பின் மூச்சு. கேம்ஷாஃப்ட்டால் இயங்கும் உயரழுத்தப் பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவுதான் தள்ள முடியும். பெரிய டர்போ அதிகக் காற்றைத் தரும்போது, அல்லது எத்தனால் கலவை அதிக எரிபொருளைக் கேட்கும்போது, பம்ப் ஈடுகொடுக்காமல் எரிபொருள் குழாயின் அழுத்தம் இலக்கிலிருந்து சரியும். மென்பொருளால் இந்த எல்லையை நகர்த்த முடியாது. அதை அறிந்து அதற்குள் நிற்கும் டியூனர் மதிக்கத்தக்கவர்.

பொய்க்கணக்கு

பலத்தைக் கூட்டக் குறுக்குவழி ஒன்று உண்டு: கணினியிடம் பொய் சொல்வது. பிக்கிபேக் என்ற சின்னப் பெட்டியின் அடிப்படை இதுவே. அது அழுத்தச் சென்சாருக்கும் கணினிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இருப்பதைவிடக் குறைவான அழுத்தத்தைக் காட்டுகிறது. பூஸ்ட் போதவில்லை என்று நம்பிக் கணினி டர்போவை இன்னும் சுழற்றுகிறது. கழற்றிவிட்டால் கார் பழையபடி ஆகிவிடும் என்பது இதன் வசதி. ஆனால் பொய்யான அழுத்தத்திலிருந்து கணக்கிட்ட காற்றும் பொய், டார்க்கும் பொய், டர்போவின் வேகமும் சூடும் பற்றிய மதிப்பீடும் பொய். பெட்டியைச் செய்தவர் ஒவ்வொரு பொய்க்கும் ஒரு ஈடுகட்டல் தேட வேண்டியிருக்கிறது.

முழு டியூனிலும் இதே சபலம் உண்டு. ஜிடிஐயின் ஆறு கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸில் எண்ணெயில் ஊறிய இரட்டை கிளட்ச் இருக்கிறது. எஞ்சின் கணினி நான் இவ்வளவு டார்க் தருகிறேன் என்று கேன் இணைப்பு வழியே சொல்லும். அதைக் கேட்டு கியர்பாக்ஸ் கணினி கிளட்ச்சை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்யும். கியர்பாக்ஸின் வரம்பு எச்சரிக்கை எழாமல் இருக்க, டார்க்கைக் குறைத்துச் சொல்லும்படி எஞ்சின் கணினியை மாற்றிவிடும் டியூன்கள் உண்டு. 450 நியூட்டன் மீட்டர் வரும்போது 350 என்று கேட்ட கியர்பாக்ஸ், 350க்கு ஏற்ற பிடியைத்தான் பிடிக்கும். கிளட்ச் வழுக்கும், சூடாகும், தேயும். கியர்பாக்ஸின் மென்பொருளையும் சேர்த்து மாற்றி, எஞ்சின் உண்மையைச் சொல்லும்படி வைப்பதே முறை. எஞ்சினுக்கு ஒரு டியூனர், கியர்பாக்ஸுக்கு வேறொருவர் என்று கலப்பவர்கள் இதை விசாரிக்காமல் விடக்கூடாது. ஒருவர் எழுதிய டார்க்கின் அளவை மற்றவர் வேறு அளவாகப் படித்தால், இரண்டும் தனித்தனியே நன்றாக இருந்தும் கிளட்ச் கருகும்.

மாற்றும் வேலை

நிறுவனங்கள் தங்கள் டியூனைப் பூட்டி வைக்கின்றன. சில கருவிகள் ஒரு காரோடு இணைந்துவிட்டால், அந்தக் காரிலிருந்து முறைப்படி நீக்கும்வரை வேறு காருக்குப் பயன்படாது. எனவே முதல் வேலை, பழைய டியூனை அதன் கருவியாலேயே எடுத்து, கம்பெனி மென்பொருளுக்குத் திரும்புவது. பழையதன் மேலேயே புதியதை எழுதப் பார்த்தால், யாருடைய பூட்டு எதைத் தடுக்கிறது என்று தெரியாமல் போகும். சிமோஸ் 18இல் இன்னொரு தடையும் உண்டு: தொழிற்சாலையின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத மென்பொருளை அது ஏற்காது. அந்தச் சோதனையைத் திறந்துவிட்ட பிறகே டியூனர்களின் எழுத்து உள்ளே போகிறது.

கணினியின் மென்பொருள் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே மாதிரித் தோன்றும் இரு கார்களில் நிரலின் பதிப்பு வேறாக இருக்கலாம். அட்டவணைகள் நினைவகத்தில் வேறு முகவரியில் இருக்கும். எழுதும்போது பேட்டரிக்குச் சார்ஜர் கட்டாயம். பழையதை அழித்துப் புதியதை எழுதும் நடுவில் மின்னழுத்தம் விழுந்தால், கணினி பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். அதைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் மீட்க வேண்டும். எழுதி முடித்ததும் பழைய ட்ரிம்களையும் நாக் கற்றல்களையும் அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய டியூனின் தவறுகளுக்குக் கணினி கற்றுவைத்த திருத்தங்கள், புதிய டியூனின் மேல் விழும். பிறகு சில நாள் சாதாரணமாக ஓட்டிக் கணினியைக் கற்கவிட வேண்டும். முதல் நாளே முழு மிதியில் ஓட்டிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்புக்கு மதிப்பில்லை.

அதன்பிறகு லாக், அதாவது ஓடும்போது சென்சார்கள் காட்டும் எண்களின் பதிவு, எடுப்பது. பலத்தை அளக்கும் டைனோ இயந்திரத்திலோ பந்தயத் தடத்திலோ, ஒரே கியரில், 2000 சுற்றிலிருந்து 6500 வரை முழு மிதி. கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும், லாம்டா இலக்கும் நிஜமும், எரிபொருள் அழுத்தம், தீப்பொறி டிகிரி, நான்கு சிலிண்டர்களின் நாக் திருத்தம், உள்ளே வரும் காற்றின் வெப்பம் ஆகியவை பதிவாக வேண்டும். மாற்றுவதற்கு முன்பே பழைய டியூனிலும் இதே லாக்கை, அதே பெட்ரோலில், ஒத்த வெப்பநிலையில் எடுத்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். டைனோவின் குதிரைத்திறன் எண்ணும் அப்படித்தான். எஸ்ஏஇ ஜே1349 என்ற அளவுமுறை 25 டிகிரி வெப்பத்துக்குச் சரிசெய்து சொல்கிறது. வேறு முறை வேறு எண்ணைத் தரும், வேறு இயந்திரம் இன்னும் வேறு. ஒரே டைனோவில், ஒரே முறையில் எடுத்த இரு வரைகோடுகள் மட்டுமே ஒன்றோடொன்று பேசும். ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்ற பெயர்களுக்கும் பொது அளவு ஏதுமில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் வழக்கப்படி வைத்துக்கொள்கிறது.

காற்று எல்லோருக்கும் பொது

மென்பொருள் சொல்லும் பொய் காருக்குள் மட்டும் நிற்பதில்லை என்பதை இதே ஃபோக்ஸ்வேகன் நிறுவனமே உலகுக்குக் காட்டியது. 2015 செப்டம்பரில், அதன் டீசல் கார்களின் மென்பொருள், சோதனை நடப்பதை அடையாளம் கண்டு அப்போது மட்டும் புகையைச் சுத்தமாக்கியது என்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்டது. உலகம் முழுவதும் ஏறக்குறைய 1.1 கோடி கார்களில் அந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு, அதன் பின்னால் இருக்கும் சென்சாரை மென்பொருளில் ஊமையாக்கும் டியூனும் அளவில் சிறியதே தவிர அதே வகைப் பொய்தான். பலத்துக்காக மற்றவர்களின் மூச்சைக் கெடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

சட்டங்களும் இதை ஒட்டியே இருக்கின்றன. அமெரிக்காவில் 2015இல் வந்த பதிப்புரிமை விலக்கு, தன் காரின் மென்பொருளைச் சட்டத்துக்கு உட்பட்டு மாற்ற உரிமையாளருக்கு வழி திறந்தது. ஆனால் புகைக் கட்டுப்பாட்டைக் குலைப்பது தூய காற்றுச் சட்டத்தை மீறுவதாகவே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் சோதித்து அனுமதி எண் பெற்ற டியூன்கள் தனியாக உண்டு. ஜெர்மனியில் ஒப்புதல் பெறாத மாற்றம் காரின் இயக்க அனுமதியையே செல்லாததாக்கக்கூடும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து விலகும்படி வாகனத்தை மாற்றத் தடை விதிக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. டியூன் என்றால் மடிக்கணினியும் ஒரு ஒயரும்தானே என்று எண்ணுவோர் இவற்றை அறிந்த பிறகே இறங்க வேண்டும்.

நவீன எஞ்சின் மோசமான டியூனையும் நெடுநாள் தாங்கும். லாம்டா சென்சார் பெட்ரோலைக் கூட்டும், நாக் சென்சார் தீயைத் தள்ளும், கணினி பூஸ்டைக் குறைக்கும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்தத் திருத்தங்கள் கலப்படப் பெட்ரோல் வந்த நாளுக்கும், கோடை வெயிலில் மலை ஏறும் நாளுக்கும், வயதான பம்ப் தளரும் நாளுக்குமாகப் பொறியாளர்கள் ஒதுக்கி வைத்த கையிருப்பு. அன்றாட ஓட்டத்திலேயே அதைச் செலவழித்துவிடும் டியூன், ஆபத்து வரும் நாளில் எஞ்சினை வெறுங்கையோடு நிறுத்தும். ஆகவே மென்பொருளை மாற்றப் போகிறவர் புதிய டியூனரிடம் முதலில் கேட்க வேண்டியது குதிரைத்திறன் எண்ணை அல்ல. என் காரைப் போன்றே மாற்றிய காரில், என் பெட்ரோலில், உங்கள் டியூன் ஓடியபோது எடுத்த லாக்கைக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டும். காட்டத் தயங்குபவரிடம் எஞ்சினை ஒப்படைக்க வேண்டாம்.